மயக்க மருந்துக்கு முன் ஒரு கேள்வி

"வீட்ல யாருக்காவது மயக்க மருந்தால ஏதாவது ஆகியிருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டதும் என் வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டார். "எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு கொறையும் கெடையாது மேடம்."

எனக்குத் திக்கென்றது. கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் எங்கள் ஒரே மகள். அப்பெண்டிக்ஸ், அன்றைக்கே ஆபரேஷன் செய்தாக வேண்டும். அவர் ஏன் பொய் சொன்னார் என்று எனக்கா தெரியாது? வடாலாவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். எங்கள் தாராவிக்காரர்களைச் சொல்ல வேண்டும்! சம்பந்தம் பேசும் காலத்தில் வீட்டில் ஒருவருக்கும் தும்மல்கூட வந்ததில்லை என்று சாதிப்பார்கள்.

என் கொழுந்தன் செத்தது ஆபரேஷன் மேஜையில். அப்போது நான் கல்யாணமாகி வந்த புதிது. குடலிறக்கத்துக்கென்று நடந்து போன ஆள். மயக்கம் கொடுத்த சற்று நேரத்தில் தாடை இறுகி, உடம்பு விறைத்து, அனலாய்க் கொதித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். கேட்டவர்களிடமெல்லாம் மாமியார் டைஃபாய்டு என்றார். அதையே சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரரும் நம்பிவிட்டாரோ என்னவோ.

டாக்டர் வெளியே போனார். நான் எழுந்தேன்.

"ஏட்டி, எங்க போற? சும்மா இரி," என்று என் வீட்டுக்காரர் அடிக்குரலில் அதட்டினார்.

"சும்மா இருந்து பிள்ளைய வாரிக் குடுக்கவா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

வராந்தாவில் டாக்டரைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண் அவர். முகம் மாறிவிட்டது.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. தசை செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பை இருக்கு, கால்சியம் அதுலதான் இருக்கும். நாம கையை மடக்கினா அந்தப் பையோட கதவு திறந்து கால்சியம் வெளிய வரும், தசை இறுகும். வேலை முடிஞ்சதும் பை அதைத் திரும்ப உள்ள இழுத்துக்கும், தசை தளர்ந்துடும். சில குடும்பத்துல மயக்க வாயு பட்டா அந்தக் கதவு மூடாது. தசை இறுகிட்டே இருக்கும், உடம்பு கொதிக்கும்."

"எம்பிள்ளைக்கும் அப்படித்தானா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருக்குன்னே வச்சுக்கறோம். அந்த வாயு வேண்டாம், மருந்தை ஊசி வழியா ஏத்தறோம்."

திரும்பி வந்தபோது நாற்காலி காலி. ஹார்லிக்ஸ் மட்டும் இருந்தது.

"போயிட்டாவ," என்றார் என் வீட்டுக்காரர்.

"போனா போகட்டும்," என்றேன். எனக்கு அந்தக் கவலையே இல்லை. சொன்னது போதுமா, உள்ளே இருக்கிற எல்லாருக்கும் டாக்டர் சொல்லியிருப்பாரா, யாராவது மறந்து வழக்கம்போல அந்த வாயுக் குழாயையே திறந்துவிடுவார்களா என்பதுதான் என் கவலை.

மகளை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். தன் கையை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பிக்கு டைஃபாய்டு இல்லட்டி," என்றார், எனக்குத் தெரியாததுபோல. அந்த நேரத்தில் அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வந்ததும் ஓடினேன். முதலில் நெற்றியைத் தொட்டேன். பிறகு கெண்டைக்காலை அமுக்கினேன். தளர்வாக, மெத்தென்று இருந்தது. மகள் பாதிக் கண்ணைத் திறந்து முனகினாள்.

"குளிருதும்மா."

"ஏங்க, குளிருதாங்க! பிள்ளைக்குக் குளிருதாம்!" என்று கத்தினேன். அவர் அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.