கத்திக்கொண்டிருந்த தெர்மாகோல் பெட்டி

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். எனக்கும் பக்கத்து பிளாக் நண்பருக்கும் வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோ பைத்தியம். பல மாதம் கடிதம் எழுதி அனுமதி வாங்கி, அன்று காலை ஏழு மணிக்கு மைதானத்திலிருந்து ஒரு பெரிய பலூனைப் பறக்கவிட்டோம். அதற்குக் கீழே குடைத்துணியில் தைத்த பாராசூட். அதற்கும் கீழே ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே சின்ன டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க விடாமல் கத்தும் ஒரு பஸ்ஸர்.

பலூன் முதலில் அம்பத்தூர் பக்கம் போனது. உயரே போனதும் மேற்கே திரும்பியது. எனக்கு டிபன் இறங்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் சிக்னல் தேய்ந்து, நின்றே போனது. உயரத்தில் பலூன் வெடித்து, பெட்டி பாராசூட்டில் எங்கோ தரைக்கு வந்துவிட்டது.

சிக்னல் கடைசியாக வந்த திசையில் நான் ஸ்கூட்டரை ஓட்ட, நண்பர் பின்னால் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போயும் திறக்கவில்லை. வண்டியை அணைப்பதும் கிளப்புவதுமாக இருந்தேன்.

“கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றார் நண்பர்.

ஏரியில் விழுந்திருக்குமோ, யாராவது பிரித்துப் போட்டிருப்பார்களோ. எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வேப்பம்பட்டு தாண்டியதும் சிக்னல் மறுபடி பலமாகக் கேட்டது. காய்ந்த குட்டை ஒன்றின் நடுவே எங்கள் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. ஜனங்கள் தூரத்தில் நின்றார்கள். பெட்டிக்குச் சற்றுத் தள்ளி, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி மட்டும் கையில் கழியோடு வெயிலில் நின்றார்.

“கிட்ட வராத நைனா. பாம் கீது.”

“அம்மா, அது எங்களோடதுதான். பயப்பட ஒண்ணுமில்ல.”

“உன்னுதா? பேரு எங்க எய்திக்கீது?”

எழுதவில்லை. கனம் குறையட்டும் என்று, ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்ட வேண்டாம் என்று சொன்னதே நான்தான்.

அங்கிருந்த ஒருவர் நடந்ததைச் சொன்னார். பெட்டி இந்தப் பெண்மணியின் வீட்டுக் கூரையில் விழுந்திருக்கிறது. உள்ளே கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் கணவர். அவரைத் தூக்க ஆளில்லை, தெருவே ஓடிவிட்டது. இந்த அம்மா கழியால் பெட்டியைத் தள்ளி இறக்கி, அது கத்தக் கத்த இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குட்டை வரை நடந்திருக்கிறார். அதன்பின் பிள்ளைகள் யாரும் நெருங்காதபடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் காவல்.

பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். சத்தம் நின்றது. அந்தப் பெண்மணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வெடிச்சா என்னோட போவட்டும்னு தூக்கினு வந்தேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்டபோது, “மொதல்ல எங்கூட்டுக்காரர்கிட்ட போய் சொல்லு. பயந்துகினு கீது” என்றார்.

போனோம். படுத்திருந்தவர் பெட்டியைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை.

“அவ இன்னா ஆனா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பிய பெட்டிகளில் நான்கு பக்கமும் பெரிய தமிழ் எழுத்தில் விவரம் எழுதினோம். ஆனால் என் ஆசைக்கு ஏதாவது செய்யக் கிளம்பும்போதெல்லாம், அதனால் முன்பின் தெரியாத யார் எங்கே பயந்து நிற்கப்போகிறார்களோ என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்காமல் இன்றும் என்னால் இருக்க முடிவதில்லை.