வாந்தி வராத மருந்து

கோட்டைக்குப்பத்துக் கரையில் படகை விட்டு இறங்கியதும் அண்ணன் முதலில் வாயைத்தான் கழுவுவான். காசநோய் மாத்திரை அவன் வயிற்றில் நிற்காது. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனால் பாதி வழியில் குமட்டும். கடலில் வாந்தி எடுக்கிறவனை அவன் படகில் 'விருந்தாளி' என்று கேலி செய்வார்கள். இருமலைக்கூடப் பொறுத்துக்கொண்டான், அந்தச் சொல்லைப் பொறுக்க முடியவில்லை.

அது எண்பதுகளின் கடைசி. நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கரியமில வாயுவை வெதுவெதுப்பான சூட்டில் வைத்துக் கடுமையாக அழுத்தினால், வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நடுநிலைக்கு வரும். அதில் பாலிமரைக் கரைத்து, நுண்ணிய தூளோடு சேர்த்து, அழுத்தத்தை இறக்கினால் வாயு பறந்துவிடும். பாலிமர் ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய தோலாகப் படியும். மருந்துக்கு அப்படியொரு தோல் போட்டால் வயிற்றைத் தாண்டிக் குடலில்தான் கரையும். எனக்கோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. வால்வை அவசரமாகத் திறப்பேன், தூள் கட்டிகட்டியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அந்தப் பரபரப்பில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன்: "கொஞ்ச நாள் பொறுண்ணா. வாந்தியே வராத மருந்து எடுத்தாறேன்."

நான்கு மாதம் கழித்துத் தோல் சீராகப் படிந்தது. அண்ணனிடம் காட்ட அந்தத் தூளை ஒரு குப்பியில் அடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பொன்னேரியில் பஸ் பிடித்து ஊருக்கு ஓடினேன். அண்ணன் பாதியாக இளைத்திருந்தான். குப்பியை வாங்கி, உள்ளங்கையில் கொட்டி, வாயருகே கொண்டுபோனான். பதறிப்போய்த் தட்டிவிட்டேன்.

"இன்னாடா? எனக்குத்தானே எடுத்தாந்தே?"

"ஐயோ, இது மருந்து இல்லண்ணா. சோதனைக்கு வெச்ச கண்ணாடித் தூளு. மருந்து வர இன்னும் வருஷக்கணக்காவும். உன் மாத்திரை இன்னா ஆச்சு?"

"நீ எடுத்தாருவேன்னு அன்னிக்கே நிறுத்திட்டேன். நாலு மாசமா கண்ணாடிக்கா பூசினு இருந்தே?" என்று சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பழைய மாத்திரைகளை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை நோய் அவற்றுக்கு மசியவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அண்ணன் போய்விட்டான். இன்று மருந்துக்கடைகளில் விதவிதமான மேல்பூச்சோடு மாத்திரைகள் கிடைக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. அன்று ஆஸ்பத்திரியில், மாத்திரையை ஏன் நிறுத்தினான் என்று டாக்டரும் அண்ணியும் மாறி மாறிக் கேட்டார்கள். "மறந்துட்டேன்" என்றே கடைசிவரை சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.