முனுசாமி அண்ணன் கேட்காத மன்னிப்பு

ஸ்ரீராம்புரம் மகாஜனங்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், எங்கள் தெருக் குழாயில் இன்று காலை தண்ணீர் வந்துவிட்டது. குடத்தோடு வரிசையில் நின்றபோதுதான் அஞ்சலை அண்ணியின் அழுகை கேட்டது. அவர் கணவர், மில் தறிக்காரர் முனுசாமி அண்ணன், போய்விட்டார். ஜெயில் அவரை விட்டது; ஜெயிலில் பிடித்த காய்ச்சல் விடவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், தறிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. நம் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். அவர் ரகசியம் சொன்னால் பக்கத்துப் பேட்டை மல்லேசுவரம் வரை கேட்கும்.

"மெதுவாண்ணே!"

"மெதுவாத்தான்டா பேசறேன்!" என்று கத்துவார்.

ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. கொடி பிடித்தவனுக்கு டில்லியில் மிட்டாய். இன்னும் மகாராஜாவே ஆளும் எங்கள் ஊரில் லத்தி. மக்களாட்சி கேட்டு ஊர்வலம் போனோம். "கூட்டத்துல எனக்குக் காது நீதான். எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கம் இழு" என்று பள்ளிக்கூடப் பையனான என் கையைப் பிடித்துக்கொண்டார். கலைந்து போகச் சொல்லிப் போலீஸ் அதிகாரி கத்தினார். எல்லாரும் பின்னால் ஓட, நான் அண்ணனை முன்னால் இழுத்தேன். நேராகப் போலீஸ் லாரியில் போய் முட்டினோம்.

இருவரையும் அடைத்த ஜெயிலில் ஒருநாள் அதிகாரி வந்தார். "க்ஷமெ கேளு, மனெகே ஹோகு" என்றார் கன்னடத்தில். மன்னிப்புக் கேட்டால் வீடு. நான் உதட்டசைத்துச் சொன்னேன்: "கேட்டுடுண்ணே. அண்ணி மாசமா இருக்காங்க."

"எதுக்குடா மன்னிப்பு? ரோட்டுல நடந்ததுக்கா? பொடிப்பய நீயே போலீஸைப் பார்த்து இழுத்துட்டுப் போனே. நான் பின்வாங்கறதா?"

அவருடைய 'ரகசியம்' ஜெயில் முழுக்கக் கேட்டது. எல்லா அறைகளிலும் கைதட்டல். அதற்குப் பரிசாக அவரை ஈரத் தரையுள்ள அறைக்கு மாற்றினார்கள்.

பிறகு மகாராஜாவோடு சமரசம் ஆனது, எங்களை விட்டார்கள். ஊர்வலத்தின் பக்கமே வராதவர்கள் மாலையோடு காரில் ஊர்வலம் போனார்கள். அண்ணனுக்கு மில் வாசல் மூடிவிட்டது. "ஜெயிலுக்குப் போனவனுக்குத் தறி இல்லை" என்றார்கள். இன்று அவருக்குப் போட்ட ஒரே மாலையும் நம் தெருக்காரர்கள் வாங்கியது.

எனக்கு அவர் விட்டுப்போனது 'தைரியசாலி' என்ற பட்டம். அதை நெஞ்சில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கத் திரிந்தேன். நீங்களும் முதுகில் தட்டினீர்கள். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த லாரியை ஒட்டி ஒரு சந்து இருந்தது. வீட்டுக்கு ஓடத்தான் இழுத்தேன்.