அப்பா எழுதிக் கொடுத்த மூளை

இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது என் தொழில். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். அரியலூரில் யார் கேட்டாலும், "ஞாபக மறதிக்கு மருந்து கண்டுபிடிக்கிறா" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மாத்திரை கேட்டு வருவார்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். கொடுக்க மனசில்லை என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

உண்மையில் நான் பார்ப்பது இரண்டே இரண்டு புரதங்களை. அல்சைமர் நோயில் ஒன்று நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டௌ என்ற இன்னொன்று செல்லுக்குள்ளே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் கழன்றுபோய் நூல்கண்டு மாதிரி சிக்குப் போட்டுக்கொள்கிறது. அந்தச் சிக்கு முதலில் எங்கே விழுகிறது, எங்கிருந்து எங்கே பரவுகிறது என்பதுதான் என் கேள்வி. எலி மூளை இதற்கு ஓரளவுதான் உதவும். மனித மூளை வேண்டும். அதையும் உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் புரதங்கள் தாமாகவே சிதைய ஆரம்பித்துவிடும். நோய் செய்தது எது, சாவு செய்தது எது என்று எங்களால் பிரிக்க முடியாது.

அப்பா ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சோதனைக்கூட உதவியாளராக இருந்தவர். மணிக்கொரு தடவை சூளைப் பக்கம் போய் சாம்பிள் எடுத்து வந்து அரைத்துக் கொடுப்பார். முப்பது வருடம் இதே வேலை. ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் அவருக்கு அல்சைமர் என்று தெரிந்தது. நான் சொல்லித்தான் தெரிந்தது. இன்னும் தெளிவாக இருந்த நாட்களில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"பாப்பா, உங்க லேப்ல நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுங்க மூளை இருக்கா?"

"இல்லப்பா. யாரும் குடுக்கறதில்ல."

"சாம்பிள் இல்லாம என்னத்த சோதிப்ப? என்னோடத எடுத்துக்க."

அவர் பழைய சட்டையைக் கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அடுத்த முறை மூளைதானப் படிவத்தோடு போனேன். அவர் கையெழுத்துப் போட்டார். குடும்பத்தார் சம்மதம் என்ற இடத்தில் அம்மா போட்டாள். மூச்சு நின்றதும் முதல் போன் எனக்கு வர வேண்டும். திருச்சியில் இருக்கும் டாக்டர் நண்பருக்கு நான் சொல்வேன். அவர் ஆட்களோடு வந்து உடலைக் கொண்டுபோய் மூளையை எடுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு கீறல் தெரியாமல் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். இதையெல்லாம் அம்மாவுக்கும் தம்பிக்கும் விளக்கினேன். கரும்பலகை ஒன்றுதான் இல்லை.

அப்புறம் ஆறு வருடம். பெயர்கள் போயின, தெரு போனது, சாப்பிட்டோமா என்பது போனது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனவரைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கூட்டி வந்தான் தம்பி. மாதம் ஒருமுறை நான் வருவேன். அவர் பேசுவதைக் கேட்கும்போதே என் மண்டைக்குள் ஒரு படம் ஓடும்: சிக்கு இப்போது இந்த இடத்துக்கு வந்துவிட்டது, அடுத்து அந்த இடம். பெற்ற தகப்பனை இப்படிப் பார்க்கிறோமே என்று என்மேலேயே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் படம் ஓடும்.

கடைசி மூன்று வருடம் அம்மாவை அவருக்குத் தெரியவில்லை. வீட்டு வேலைக்கு வந்திருக்கும் யாரோ நல்ல மனுஷி என்று நினைத்தார். சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது, "அக்கா, உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுக்குறேங்க" என்பார். "உங்க வூட்டுக்காரரு தேட மாட்டாரா?" என்று கேட்பார். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க, நீங்க சாப்புடுங்க" என்பாள் அம்மா. உடையார்பாளையத்தில் முந்திரித் தோப்போடு வளர்ந்தவள், யாருக்கும் அடங்கிப் பேசத் தெரியாதவள். நாற்பது வருடம் அவரோடு மல்லுக்கு நின்ற வாய் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அப்பாவுக்கு கொஞ்சம் முடியல. கெளம்பி வா."

"மூச்சு இருக்கா?"

"இருக்குக்கா. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்துருக்கோம்."

எங்கள் பக்கம் 'கொஞ்சம் முடியல, கெளம்பி வா' என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவரிடம் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். வழியெல்லாம் அழுதுகொண்டு வரக்கூடாது என்று உயிரை இன்னும் சில மணி நேரம் பிடித்து வைப்பார்கள். பெரியப்பா இறந்தபோது சென்னையில் இருந்த அவர் மகனிடம், "ஐசியூல வச்சிருக்காங்க" என்று சொன்னது நானேதான். இருந்தும் தம்பி சொன்னதை நம்பினேன். படிவம் போட்டிருக்கிறதே, எனக்குப் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

திருச்சி நண்பரைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டுக் காரில் கிளம்பினேன். சேலத்தில் கேட்டேன், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றான். ஆத்தூர் தாண்டியதும், "எந்த ஆஸ்பத்திரி, நேரா வந்துர்றேன்" என்றேன். "வேணாக்கா. வூட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். நீ வூட்டுக்கே வந்துரு" என்றான். அப்போதுதான் புரிந்தது. இப்போதுதான் போயிருக்கிறது என்று நினைத்து, நண்பரை உடனே புறப்படச் சொன்னேன். அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

தெருமுனையில் ஷாமியானா தெரிந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய ஆட்கள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். நெற்றியில் விபூதி, மேலே நாலைந்து மாலைகள், அடியில் கிடந்தவை வாடியிருந்தன. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழக் கையை நீட்டினார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போய்த் தம்பியிடம் கேட்டேன்.

"எத்தன மணிக்கு?"

"காலைல ஆறே கால்."

மணி இரண்டே முக்கால். எட்டரை மணி நேரம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே அவனைப் பார்த்துக் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. "தனியா வர்ற, பதறுவியேன்னுதான்க்கா" என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பன் செத்துக் கிடக்கிறான், மகள் மணி கேட்கிறாள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. பாதி வழியில் இருந்த நண்பரைத் திரும்பிப் போகச் சொன்னேன். நாலு மணிக்கு அப்பாவைத் தூக்கினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா பீரோவைத் திறந்து அவர் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் தம்பியைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். அப்பா ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் இவன் கெடுத்தான் என்றேன்.

"அவனைத் திட்டாத" என்றாள். "அவன் ஆறரைக்கே உனக்கு போன் போடத்தான் போனான். நான்தான் வேணாம்னேன். முடியலன்னு மட்டும் சொல்லு, ஆஸ்பத்திரின்னு சொல்லுன்னேன்."

"ஆறு மணி நேரத்துக்குள்ளன்னு நான் சொன்னது மறந்துட்டியாம்மா?"

"எப்படி மறக்கும்? கடியாரத்தப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கட்டிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் ஒரு சட்டையை மடித்தபடியே பேசினாள்.

"அவரு வாய்லதான் நான் இல்லாமப் போனேன். உள்ள எங்கயாச்சும் ஒரு ஓரத்துல இருந்திருப்பேன்ல? நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணிருக்கேன். அதக் கூறு போட்டுப் பாக்கட்டும்னு உட எனக்கு மனசு வரல. தப்புதான். அவரு கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியாதா?"

அந்த மூளை எனக்குக் கிடைத்திருந்தால் திட்டுகளைப் பார்த்திருப்பேன், சிக்குகளைப் பார்த்திருப்பேன், எந்தப் பகுதி எவ்வளவு சுருங்கியது என்று அளந்திருப்பேன். இவள் கேட்டதற்கு எந்தச் சீவலிலும் பதில் இருந்திருக்காது.

"இருந்திருப்பம்மா" என்றேன்.

"நெசமாவா? படிச்சவ நீ, உறுதியாச் சொல்றியா?"

உறுதியாகச் சொன்னேன்.