கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஓர் அக்கா

முதலில் மோந்து பார்க்கிறார். கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, அதன் பின்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு. பிறகு கேமராவின் திறந்த வாயில் ஒரு மூச்சு.

"கடற்கரைக்குப் போயிட்டு வந்திருக்கு" என்கிறார். கேமராவைக் கொண்டுவந்த பெண் அதையும் இவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "உப்புக் காத்து பட்டா ஒரு மாதிரி வாடை வரும். வந்ததும் தொடைச்சீங்களா? இல்ல, அப்படியே பைக்குள்ள போட்டுத் தூங்க வெச்சிட்டீங்களா?" அந்தப் பெண் தரையைப் பார்க்கிறாள்.

மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய சின்ன அறைதான் கடை. ஒரு மேஜை, வளையும் கழுத்துள்ள ஒரு விளக்கு, வருகிறவர்களுக்கு இரண்டு ஸ்டூல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் பால்கனியும் அதில் காயும் துணிகளும் தெரியும். வெளியே மாட்டிய பலகையில் ‘கேமரா சர்வீஸ்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவில் அவரை எல்லாரும் பஞ்சாயத்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

காரணம் இருக்கிறது. கேமராவும் லென்ஸும் சதா பேசிக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும், ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று கேள்வியும் பதிலுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸின் பின்னால் வரிசையாகத் தங்க நிறப் பொட்டுகள். கேமராவின் வாயில் அவற்றுக்கு நேராகக் குட்டிக் குட்டி ஊசிகள். இரண்டும் தொட்டால்தான் பேச்சு. தொடுவதில் சிக்கல் வந்தால், ‘லென்ஸுடன் தொடர்பு இல்லை’ என்று திரையில் எழுத்து வந்துவிடும். படமும் எடுக்காது, சமாதானமும் ஆகாது. அப்போது எல்லாரும் இங்கே மூச்சு வாங்க மாடி ஏறுவார்கள்.

நானும் அப்படித்தான் ஏறினேன். என் கேமராவை வாங்கிய அக்கா, மோந்துகூடப் பார்க்காமல், லென்ஸை ஒரு திருகு திருகினார். டக் என்றது. "கடைசி வரைக்கும் திருப்பவே இல்ல. பாதி உள்ள, பாதி வெளிய. அது எப்படிப் பேசும்?" என்றார். எனக்கு அங்கேயே மறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். அவர் வேலை செய்வதைப் பார்ப்பதில் அப்படியொரு சந்தோஷம்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கும்போது யார் மேல தப்புன்னு சொல்லவே முடியாது" என்பார். "பிரிச்சு வெச்சுத்தான் விசாரிக்கணும்." அதற்காகவே மேஜை இழுப்பறையில் ஒரு பழைய கேமராவும் ஒரு பழைய லென்ஸும் வைத்திருக்கிறார். வந்த லென்ஸைப் பழைய கேமராவிலும், வந்த கேமராவில் பழைய லென்ஸையும் மாட்டுவார். "புது இடத்துக்குப் போயும் எவன் முறைச்சிக்கிட்டு நிக்கிறானோ, அவன்தான் வம்பு." அழிரப்பரால் பொட்டுகளைத் தேய்த்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "தங்க முலாம்ங்க அது. பரீட்சைப் பேப்பரா, அழிச்சு அழிச்சு எழுத?"

கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவருடைய கணவர். டீ கொண்டுவரும் சாக்கில் மேலே வந்து, என்னிடம் குறைபட்டுக்கொண்டார்: "நான் ரெண்டு நாள் பேசலைன்னாலும் கண்டுக்க மாட்டா சார். ஒரு லென்ஸ் பேசலைன்னா சோறு இறங்காது இவளுக்கு." அக்கா தலையை நிமிர்த்தாமலே, "நீங்க பேசாம இருந்தீங்களா? எப்போ?" என்றார்.

ஒரு வினோதம் உண்டு. இத்தனை கேமராக்களைப் பேச வைத்தவர், ஓர் ஆளைக்கூடப் படம் எடுத்ததில்லை. சரி செய்ததைச் சோதிக்க எதிர் பால்கனித் துணிகளை எடுத்துப் பார்த்து உடனே அழித்துவிடுவார். "ஆளுங்களை எடுக்கிறதா? ஐயோ, வேணாம்பா. சிரிங்கன்னு சொல்றதுக்கே எனக்கு வெக்கமா இருக்கும்."

ஒருநாள் காலை அடுத்த தெரு ஸ்டுடியோக்காரர் ஓடி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. காலில் இருந்த ஷூவைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"தங்கச்சி, மானம் போகுது. நீதான் காப்பாத்தணும்" என்று கேமராவை நீட்டினார்.

அன்று அவருக்குக் கல்யாணம். ஊர்க் கல்யாணத்தையெல்லாம் ஓடி ஓடி எடுத்தவருக்குத் தன் கல்யாணத்துக்கு இப்போதுதான் நேரம் கிடைத்திருந்தது. கண் பரிசோதனை நிலையத்தில் இவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்த அம்மாள்தான் மணப்பெண். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மணப்பெண் கீழே டாக்ஸியில் காத்திருந்தார். வழியில் அவரை ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினால், தொடர்பு இல்லை என்கிறது.

அக்கா மோந்தார். புருவம் சுருங்கியது. மறுபடி மோந்தார். பிறகு ஸ்டுடியோக்காரரின் ஷூவைப் பார்த்தார்.

"அண்ணே, காலையில எதுக்கெல்லாம் பாலிஷ் போட்டீங்க?"

"ஷூவுக்கு. பெல்ட்டுக்கு. அப்புறம்…" அவர் குரல் இறங்கியது. "கல்யாணமாச்சே, எல்லாம் பளபளன்னு இருக்கட்டுமேன்னு, அந்தத் துணியாலயே இதையும் உள்ள வெளிய ஒரு தேய்…"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுப் பொட்டுகளைத் துடைத்தார். குச்சி கறுப்பாக வந்தது. மாட்டினார். திரையில் இருந்த எழுத்து போகவில்லை. லென்ஸைப் பழைய கேமராவுக்கு மாற்றினார்; சமர்த்தாகப் பேசியது. பழைய லென்ஸை ஸ்டுடியோக்காரரின் கேமராவில் மாட்டினார், மௌனம். "இவன்தான்" என்று கேமராவை விளக்கடியில் பிடித்தார். வரிசையில் ஓர் ஊசி மட்டும் பாலிஷ் மெழுகில் சிக்கி, அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது.

அதற்குள் மணப்பெண் மாடி ஏறி வந்துவிட்டார். "என்னங்க, நம்ம முறை வந்துடுச்சாம். போன்ல எடுத்துக்கலாமே?"

"எல்லார் கல்யாணத்துக்கும் இதாலதான் எடுத்தேன். என் கல்யாணத்துக்கு மட்டும் போனா?" என்றார் அவர்.

மணப்பெண் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஸ்டூலில் நிதானமாக உட்கார்ந்து, பதிவு அலுவலகத்துக்கு போன் போட்டு, "அடுத்தவங்களைக் கூப்பிடுங்க, நாங்க பின்னால வர்றோம்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

ஒரு சொட்டு ஸ்பிரிட். பல் குத்தும் குச்சியின் நுனி. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சுற்றி மெழுகைக் கரைத்துக் கரைத்து எடுத்தார். சட்டென்று ஊசி எழும்பியது. லென்ஸை மாட்டித் திருப்பினார். டக். எதிர் பால்கனியின் சிவப்புத் துண்டு, நூல் நூலாகத் திரையில் தெரிந்தது. நான் கை தட்டினேன். மாப்பிள்ளை அந்த இடுக்கிலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"போதும், இனி பாத்துக்குவேன். ஸ்டாண்டுல வெச்சு, டைமரைப் போட்டுட்டு ஓடி வந்து நின்னுக்குவேன்" என்றார்.

"கல்யாணத்துல மாப்பிள்ளை ஓடி வந்து நின்னு நான் கேள்விப்பட்டதில்ல. அங்க மறுபடியும் இது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சுன்னா?" என்ற அக்கா, யோசிக்க நேரம் வைத்துக்கொள்ளாமல் கேமராவைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி கீழே கணவருக்கு ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இறங்கினார். யாரும் கூப்பிடாமலே நானும் போனேன்.

கையெழுத்து முடிந்து, அலுவலகப் படிகளில் இருவரும் நின்றார்கள். அக்கா கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். மாப்பிள்ளையோ ஒரு நிமிஷம் சும்மா நிற்கவில்லை. வலது கையை ஆட்டி ஆட்டி, "கொஞ்சம் உட்காரும்மா… இல்ல, லெஃப்ட்ல வா… வெளிச்சம் எனக்குப் பின்னால இருக்கு பாரு" என்று அக்காவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை மணப்பெண்ணின் முகத்தை மறைத்தது. அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா கேமராவை இறக்கினார். படியேறிப் போய், காற்றில் அலைந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து, மணப்பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, அந்த அம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினார்.

"கெட்டியா பிடிச்சுக்கோங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வந்து, கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.