சுவரில் உட்கார்ந்தது ஆணா, பெண்ணா?

குற்றாலத்தில் சீசன் என்றால் சாரல் வரும், கூட்டம் வரும், துவைத்த துணி காயாது. இதெல்லாம் பழகிப்போயிற்று. முந்தாநாள் எங்கள் வீட்டுக்கு வந்ததோ... பூச்சி!

காலையில் பார்க்கிறேன், கூடத்துச் சுவரில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி. செம்மண் நிறம். இறக்கை நுனியில் பாம்புத் தலை மாதிரி. இப்படியுமா ஒரு பூச்சி?

விளக்குமாற்றை எடுத்தேன். பண்பொழியிலிருந்து வந்திருக்கும் என் நாத்தனார் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி! அவுக வந்திருக்காவ!"

அவுக என்றால் அவள் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. செத்தவர்கள் பூச்சியாக வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். சரி, பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்காகப் பால்காரர் வராத மழை நாளில், இருந்த பாலையெல்லாம் ஊற்றிப் பூச்சிக்கு முன்னால் காப்பி போட்டு வைப்பதா?

அந்த நேரம் பார்த்து மாடியில் குடியிருக்கும் காலேஜ் வாத்தியார் இறங்கி வந்தார். பூச்சி ஆராய்ச்சிக்காரர். கையில் மருந்துப் புட்டி — அதற்குள் போட்டால் பூச்சி செத்துவிடும். பிறகு ஊசி குத்தி அட்டையில் வைப்பார்.

"அய்யோ, அவுகளக் கொல்லுதாரே!" நாத்தனார் குறுக்கே போய் நின்றாள்.

"அம்மா, இது காப்பி குடிக்காது. இந்த ஜாதிக்கு வாயே கிடையாது. புழுவா இருந்தப்ப தின்னதுதான்."

"கேட்டியளா மதினி? உசுரோட இருக்கும்போதே அவுகளுக்கு வாய் கிடையாது. அவுகளேதான்!"

வாத்தியார் விடுவாரா?

"மீசையப் பாருங்க. ஆணா இருந்தா இறகு மாதிரி அகலமா இருக்கும். இது ஒல்லி. வயிறும் பெருசு. பெண்ணு."

நாத்தனார் முகம் தொங்கிவிட்டது. வாத்தியார் புட்டியைத் திறந்தார். கண் கலங்கி நின்றவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ எங்கம்மா!"

என் மாமியாரா?

வெளி ஆண்கள் முன்னால் நான் பேசுவதே இல்லை. அன்றைக்கு என்னையும் மீறி வந்துவிட்டது.

"சார்... வாய் இல்லைங்கது நெசந்தானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். அழுதுகொண்டிருந்த நாத்தனாரும்தான். "உங்க மாமியாரை ஊசியில குத்த எனக்குத் தைரியம் இல்லம்மா" என்று புட்டியை மூடிக்கொண்டு மாடியேறினார்.

பூச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை... ஆனாலும் அந்தச் சுவருக்கு எதிரே கால் நீட்டி உட்கார மனசு வரவில்லை!