பின்வளவின் கறுப்பு மண்

மாரியின் முதல் மழை விழுந்த இரண்டாம் நாள் எங்கள் பின்வளவுத் தோட்டத்திலிருந்து ஒரு நாற்றம் கிளம்பும். மீன் செதிலும் குடலும் மாட்டுச் சாணமும் வைக்கோலும் மண்ணுக்கடியில் கிடந்து புளித்த நாற்றம். பக்கத்து வீட்டு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்று ஏசுவார்; அதே மாமிதான் மழை விட்டதும் சுளகோடு வந்து கத்தரிக்காய் கேட்டு நிற்பார். எனக்கு அந்த நாற்றம் பிடித்திருந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் பொய். என் உடுப்பிலும் அது மணக்கிறதென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்ததால் நான் அதை வெறுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊர் எங்களுடையது. வீட்டைச் சுற்றிக் கடல் மணல்தான். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே காணாமல் போகும். அந்த மணலில்தான் உம்மா பாத்தி கட்டினார். வாப்பா வயலிலிருந்து வரும்போதெல்லாம் வைக்கோலும் உமிச் சாம்பலும் கொண்டுவர வேண்டும். மீன் கழுவிய தண்ணீரை உம்மா வேறெங்கும் ஊற்ற விடமாட்டார். "மண்ணுக்கும் பசிக்கும் புள்ள" என்பார். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. எனக்குப் பதினொரு வயதானபோது அந்த மணல் ஒரு முழ ஆழத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. வாடைக்காற்றில் தோணிகள் கரையில் கிடக்க, வெள்ளம் ஏறிய வீதியால் மரக்கறி லொறி வராத நாட்களிலும் எங்கள் வீட்டில் பயற்றங்காய்க்கும் கொச்சிக்காய் என்னும் மிளகாய்க்கும் குறைவிருந்ததில்லை. கிணற்றடியில் கறிக்கு வாசமூட்டும் ரம்பை புதராய் நின்றது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கென்று கட்டும் வீட்டில் பெற்றோர் ஒதுங்குவார்கள். உம்மாவுக்கும் அந்த வளவு அப்படித்தான் கிடைத்தது. காணி உறுதிப் பத்திரம் அவர் பெயரில்தான் இருந்தது. எங்கள் வீட்டு மூத்தவளான ராத்தாவுக்கு மாப்பிள்ளை பொருந்தியது ஒரு மாரியில். நிக்காஹ்வைத் தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை; மாப்பிள்ளை வரும்போது வீட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாதாம். ஆகவே எனக்கான வீட்டை உடனே கட்ட வேண்டியதாயிற்று. பின்வளவைத் தவிர வேறு இடமில்லை.

"ஒரு மாசம் பொறுங்க. விதைக்கு உட்ட காய் முத்தட்டும்," என்று உம்மா கேட்டார்.

"காயப் பாத்துக்கிட்டு இருந்தா மாப்புள்ள போயிருவாருகா," என்றார் வாப்பா. காணி யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

மழை நான்கு நாள் ஓய்ந்திருந்தபோது மேசன் வந்தார். மண்வெட்டியை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டுத் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் வாப்பாவிடம் தலையை ஆட்டினார்.

"இது பொதுபொதுண்டு இரிக்கி காக்கா. இதுல அத்திவாரம் நிக்காது. இந்தக் கறுப்பு மண்ண முழுக்க அள்ளிப்போட்டு மணல் நிரப்பணும்."

காய்த்து நின்ற கத்தரியையும் பூவும் பிஞ்சுமாய் நின்ற பயற்றங்கொடியையும் பந்தலோடு இழுத்துப் போட்டார்கள். கறுப்பு மண் உழவு மெஷின் பெட்டியில் ஏறி வீதியோரப் பள்ளத்துக்குப் போனது. அதே பெட்டி திரும்பி வரும்போது மணலைக் கொண்டுவந்து கொட்டியது. உம்மா அத்தனை வருடம் மல்லுக்கட்டிய அதே மணல். இரண்டே நாளில் வேலை முடிந்தது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அன்று எரியவில்லை. எனக்கென்று வீடு வருகிறது, நாற்றம் ஒழிகிறது என்ற புளுகம், ஒரே சந்தோஷம். பிடுங்கிப் போட்ட கத்தரிச் செடிகளின் மேல் ஏறி நின்று, "என்ட அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வரும்?" என்று மேசனிடம் கேட்டேன். குசினி வாசலில் நின்ற உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முற்றாத பயற்றங்காய்களைச் சீலைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று பகல் அதுதான் கறி. நான் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.

பள்ளத்தில் கொட்டிய மண் அடுத்த பெருமழையில் கரைந்து போனது. உம்மா அதற்குப் பிறகு ஒரு விதைகூட ஊன்றவில்லை. ஏன் என்று வளர்ந்த பிறகு கேட்டேன். "எங்க நட்டாலும் ஆரோ ஒரு புள்ளைக்கு வூடு வருமே" என்றார்.

அந்த வீட்டில்தான் இப்போது நான் இருக்கிறேன், உறுதியும் என் பெயரில் இருக்கிறது. கத்தரிப் பாத்தி இருந்த இடத்தில் என் குசினி நிற்கிறது. மருந்து மணக்கும் சந்தைக் கத்தரிக்காயை அங்கே நின்றுதான் நறுக்குகிறேன். வளவில் ஒரு கைப்பிடி மண் மிச்சமில்லை, எல்லாம் சிமெந்து. அதனால் மூன்று மாரியாக வீட்டு மொட்டை மேல்தட்டில் பெயின்ற் வாளிகளில் கொச்சியும் புதினாவும் வளர்க்கிறேன். மீன் கழுவிய தண்ணீரைப் படியேறிச் சுமக்கிறேன். வாளி மண் இப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. என்னோடிருக்கும் உம்மா ஒருநாளும் ஏறி வந்து பார்த்ததில்லை; முழங்கால் வலி என்கிறார்.

எனக்கும் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குக் கீழ்வீடு, சின்னவளுக்கு மேலே ஒன்று எழுப்ப வேண்டும். மழை விட்டதும் தொடங்குவதாக என் கணவர் மேசனிடம் பேசி முடித்துவிட்டார். உம்மாவைப் போல ஒரு மாதம் பொறுக்கும்படிகூட நான் கேட்கவில்லை. போன கிழமை சின்னவள் வாளிகளுக்கு நடுவே நின்று, தன் அறைக்கு ஜன்னல் எங்கே வரும் என்று கேட்டாள். கடல் பக்கம் என்று கைநீட்டிக் காட்டினேன்.

கீழே இறங்கியபோது உம்மா படியடியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"கடல் பக்கமே வையிகா, நல்ல காத்து வரும்," என்றார். "உன்ட ஜன்னலையும் நாந்தான் மேசனுக்கிட்ட சொல்லி அங்கால வெச்ச."